ஆர்டர் செய்யுமுன்: 1440பி விளையாட்டுக் கணினிக்கான உங்கள் பட்டியல் பற்றி

வணக்கம். 1440பி (2560×1440 புள்ளிகள்) தெளிவும், நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும் 165 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட திரையில் விளையாடுவதற்காக ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, ஒரே ஒரு 16 ஜிபி ரேம், 850 வாட் பவர் சப்ளை ஆகியவற்றை, கணினியைப் பூட்டி அனுப்பும் இணையக் கடையில் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பணம் கட்டுமுன் இந்தப் பட்டியலை மாற்றியமையுங்கள். அந்தத் திரைத்தெளிவில் பெரும்பாலான விளையாட்டுகளின் சுமை கிராபிக்ஸ் கார்டின் மீதே விழும் என்பதால், 8 ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட 4060-க்காக அந்த விலையுயர்ந்த பிராசஸர் சும்மா காத்துக்கொண்டிருக்கும். ரைசன் 5 7600-க்கு இறங்கி, மிச்சமாகும் தொகையை 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்புவதே என் பரிந்துரை. இரு பிராசஸர்களும் ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசஸரைப் பொருத்தும் இடம்) பொருந்துபவை என்பதால், பின்னாளில் மதர்போர்டை மாற்றாமலேயே பிராசஸரை உயர்த்திக்கொள்ளலாம்.

16 ஜிபி ரேமை ஒன்றுக்குப் பதிலாக இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் பொருத்தினால் ரேம் ஒரே நேரத்தில் கடத்தக்கூடிய தரவின் அளவு பாதியாகிவிடும். 850 வாட் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம், 4070 சூப்பருக்கு அதன் தயாரிப்பாளரான என்விடியா பரிந்துரைப்பதே 650 வாட்தான். பவர் சப்ளையின் தயாரிப்பாளர் பெயரையும் மாடலையும் கடை குறிப்பிடாதது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணினி வந்ததும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்போ, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு, இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையெனில் அதிவேக ரேமும் குறைவான அடிப்படை வேகத்திலேயே ஓடும்.