ஊசி போடக் கற்றுக்கொள்ள நான்கு வருடமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் நர்சிங் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் எடுத்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங்தான் சேருவேன் என்கிறாள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் மைத்துனர், "ஊசி போடவும் கட்டுக் கட்டவும் நாலு வருஷம் எதுக்கு? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆறு மாசக் கோர்ஸ் இருக்கே" என்கிறார். என் அம்மாவோ, "கண்டவங்க மலம் மூத்திரம் அள்ளவா பிள்ளையப் படிக்க வைக்கிற?" என்று அழுகிறார். இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அப்படி என்னதான் நான்கு வருடம் சொல்லித் தருகிறார்கள்? மகள் தமிழ் வழியில் படித்தவள். எல்லாம் இங்கிலீஷில்தான் என்கிறார்கள், அது வேறு கவலையாக இருக்கிறது.

ம., துறையூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் அம்மா கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். மைத்துனர் கேட்டதைவிட அதுதான் பெரிய கேள்வி.

ஆமாம், பெட்பேன் வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். முதல் வருடத்திலேயே அது வந்துவிடும். ஆனால் கொட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறோம். மலம் தாரைப் போலக் கறுத்து ஒட்டிக்கொண்டு வந்தால் இரைப்பைப் பக்கம் எங்கோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகத்தான் போகும், ஆகவே என்ன மருந்து ஓடுகிறது என்று கேஸ் ஷீட்டைப் புரட்ட வேண்டும். வெளுத்துக் களிமண் நிறத்தில் போனால் பித்தநீர் குடலுக்கு வந்து சேரவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு மாட்டியிருக்கும் சிறுநீர் சேரும் பையில் மணிக்கு 30 மில்லிக்கும் குறைவாக இறங்கினால் சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகவில்லையோ என்று யோசிக்க வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரத்தில் பெட்பேன் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருந்ததைப் பார்த்தவர் நர்ஸ் ஒருவர்தான். அவர் எழுதி வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நான்கு வருடம் பெரும்பாலும் இந்தப் பார்வைக்காகத்தான் போகிறது. பார்ப்பது, பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்வது, உடனே யாரைக் கூப்பிட வேண்டும் என்று முடிவெடுப்பது. உங்கள் அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போது முதலில் கவனிக்கிற ஆள் யார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இனி மைத்துனரின் கேள்வி. ஊசியை ஏற்றும் கைப்பழக்கத்தைச் சில நாட்களில் கற்றுத் தந்துவிடலாம், அதில் அவர் சொல்வது சரி. ஸ்கில் லேபில் பொம்மைகள் இருக்கின்றன, குத்திக் குத்திப் பழகலாம். ஆனால் பின்புறத்தில் போடும் ஊசியை மேல்பக்கத்து வெளி மூலையில்தான் போட வேண்டும், கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் காலுக்கு ஓடும் பெரிய நரம்பு அடிபட்டு நடையே கெட்டுப்போகலாம் என்பதற்கு உடற்கூறியல் தெரிந்திருக்க வேண்டும். இதய நோய்க்கான டிகாக்சின் மாத்திரை கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மருந்தியல் வேண்டும். பொட்டாசியம் குளோரைடை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், எப்போதும் ட்ரிப்ஸில் கலந்து மெதுவாகத்தான் செலுத்த வேண்டும். டாக்டர் அவசரத்தில் தப்பாக எழுதியிருந்தாலும், "சார், இதை ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லும் தெளிவும் தைரியமும் நர்ஸுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் அந்தத் தைரியம் வராது. வந்தாலும் ஆபத்து, ஏனென்றால் அதற்கு அடியில் படிப்பு இருக்காது.

கணக்கும் உண்டு. 500 மில்லி ட்ரிப்ஸ் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் செட், அதாவது ட்ரிப்ஸ் குழாய், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடும். 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. எந்த செட் என்று பார்க்காமல் பழக்கத்தில் எண்ணி விட்டால் மூன்று மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

பாடங்களின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் பாடத்திட்டத்தை மாற்றி எட்டு செமஸ்டர் ஆக்கியது. முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், உயிர்வேதியியல், உணவியல், அதோடு நர்சிங் அடிப்படைகள். இரண்டாம் வருடம் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல், பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவைப் பராமரிப்பு. அப்புறம் குழந்தைகள், மனநலம், சமூக நலம், மகப்பேறு. நிர்வாகமும் ஆராய்ச்சி முறையும் நடுவே வந்து போகும். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். படிப்பை அளக்கும் அலகான ஒரு கிரெடிட் என்றால் வகுப்பில் 20 மணி நேரம், லேபில் 40, வார்டில் 80 என்று வைத்திருக்கிறார்கள். இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே நேரம் எங்கே செலவாகிறது என்பது புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் வருடப் பிள்ளைகளை வார்டுக்கு அழைத்துப் போகும் காலம். படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவதை அப்போதுதான் செய்யப் பழகுவார்கள். பதினெட்டு வயதுப் பெண் முன்பின் தெரியாத ஒரு பெரியவரைத் தொட வேண்டும். முதலில் ஸ்கிரீன் இழுத்து மறைக்கச் சொல்லுவோம். "தாத்தா, உடம்பு துடைச்சு விடட்டுமா?" என்று கேட்டு அவர் தலையசைத்த பிறகுதான் போர்வையில் கை வைக்க வேண்டும். துடைக்கிற இடம் மட்டும் வெளியே தெரியலாம், மற்றதெல்லாம் மூடியே இருக்க வேண்டும். கண்ணில் சோப்பு கூடாது, மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு பகுதி. முதுகைத் திருப்பும்போது இடுப்புக்குக் கீழே, குதிகாலில், தோள்பட்டையில், பின்மண்டையில் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது, இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதில் துளியும் தவறக் கூடாது. கூச்சத்தோடு உள்ளே போன பிள்ளை இதையெல்லாம் கவனித்தபடி வேலை செய்வதில் கூச்சத்தை மறந்துவிடுவாள். அந்த மாற்றத்தை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட அலுத்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாணவியைச் சர்ஜிகல் வார்டில் மாலை டியூட்டியில் விட்டிருந்தேன். குடல் ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்ஸ் 84, அரை மணி கழித்து 96, அடுத்த அரை மணியில் 112. பி.பி. மட்டும் 110க்கு 70 என்று அப்படியே நின்றது. மனைவி, "தண்ணி தண்ணிங்கறாரு, ஒரு நிலையில படுக்க மாட்டேங்கறாரு" என்றார். ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், வலியாக இருக்கும் என்றார். உள்ளே ரத்தம் போனால் முதலில் பல்ஸ்தான் ஏறும், பி.பி. கடைசியில்தான் விழும் என்பது அவள் வகுப்பில் படித்தது. சார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். யார், என்ன ஆபரேஷன், இந்த ஒரு மணி நேரத்தில் எண்கள் எப்படி மாறியிருக்கின்றன, உடனே வந்து பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். அப்படிச் சொல்லவே தனியாகப் பயிற்சி தருகிறோம். அன்றிரவே அந்த நோயாளியைத் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு ரத்தக்குழாயின் கட்டு நழுவியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

மகப்பேறு வார்டிலும் இதே கதைதான், வேகம் மட்டும் கூடுதல். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை இறுகி உருண்டையாகத் தட்டுப்பட வேண்டும். தளர்ந்து கிடந்தால் உடனே தேய்த்துவிட்டுக்கொண்டே உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை இந்தச் சோதனை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நள்ளிரவில் பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். அந்த நேரத்தில் அவர் கைக்குத் தெரிந்ததுதான் அந்தத் தாயின் உயிர்.

மனநல போஸ்டிங்கில் ஒரு பயிற்சி உண்டு. நோயாளியிடம் பேசிவிட்டு வந்து அதை ஒரு வரி விடாமல் எழுத வேண்டும்: அவர் சொன்னது ஒரு பத்தியில், நான் சொன்னது அடுத்ததில், அப்போது என் மனதில் ஓடியது மூன்றாவதில். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று எழுதியிருந்தால் ட்யூட்டர் அடியில் கோடு போடுவார். அவர் பேச வந்ததை அந்த வரி அடைத்துவிட்டது என்று காட்டுவார். மற்றவர் பேச்சை வெட்டாமல் கேட்பதை நம் ஊரில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. இங்கே சொல்லித் தருகிறார்கள். சமூக நல போஸ்டிங்கில் வீடு வீடாகப் போவார்கள். தரையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல்தான் பை, பையிலிருந்து முதலில் வெளியே வருவது சோப்பு, கை கழுவிய பிறகே மற்ற சாமான்.

ஆறு மாதக் கோர்ஸைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்து உதவியாளராக வேலை பார்க்கிற பெண்களின் உழைப்பு மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் 1926ஆம் வருடச் சட்டப்படி வந்தது. அங்கே பதிவு இருந்தால்தான் ஒருவர் பதிவு பெற்ற நர்ஸ். வெள்ளைக் கோட்டு போட்டுப் படம் எடுத்து, "நர்ஸ் ஆகலாம்" என்று போர்டு வைக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அது ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பணம்தான் தடை என்றால் மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது, அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த பள்ளிகளிலேயே படிக்கலாம். அதற்குப் பதிவும் உண்டு, பின்னால் இரண்டு வருடம் படித்துப் பட்டமும் வாங்கலாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கவுன்சிலும் பல்கலைக்கழகமும் அங்கீகரித்திருக்கின்றனவா என்று கேளுங்கள். பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா, பிரசவம் நடக்கிறதா, ட்யூட்டர் வார்டுக்குக் கூடவே வருகிறாரா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு மூன்றாம் வருட மாணவியிடம் தனியாகப் பேசுங்கள். நோயாளியே இல்லாத வார்டில் நின்று, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பியடித்து, கையெழுத்து மட்டும் வாங்கிப் பட்டம் பெற்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். குற்றம் அந்தப் பிள்ளைகளுடையது இல்லை. ஆனால் பின்னால் கை நடுங்குவது அவர்களுக்குத்தான்.

சம்பள விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். தனியார் ஆஸ்பத்திரிகளில் தொடக்கத்தில் தருவது படித்த படிப்புக்கும் வாங்குகிற வேலைக்கும் போதவே போதாது. நைட் டியூட்டி உண்டு, பண்டிகைக்கு வீட்டுக்கு வர முடியாது. மகளிடம் இதைச் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். டாக்டருக்கு எடுபிடி என்று யாராவது சொன்னால் மட்டும் வேலூரை நினைவுபடுத்துங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அங்கே நர்சிங் பள்ளியைத் தொடங்கியது 1909ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918ல். ஒரு டாக்டரே முதலில் தேடியது நர்ஸ்களைத்தான். 1946ல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. இன்னும் நாம் எதற்கு நாலு வருஷம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஆங்கிலம். முதல் செமஸ்டரிலேயே அதற்கென்று ஒரு பாடம் உண்டு. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் முதல் சில மாதம் திணறுவார்கள், அதை மறைக்க மாட்டேன். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை எல்லாருக்குமே புதிது என்பதால் அங்கே அவர்கள் பின்தங்குவதில்லை. சிரமம் வாக்கியத்தில்தான். தினமும் ஒரு நோயாளியைப் பற்றி ஐந்து வரி எழுதி உரக்கப் படிக்கட்டும், முதல் வருடம் முடிவதற்குள் ஹேண்டிங் ஓவர், அதாவது டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளி நிலையைச் சொல்வது, கொடுக்க வந்துவிடும். வார்டில் நோயாளியிடம் தமிழில் சரளமாகப் பேசி விவரம் வாங்குவதில் இவர்கள்தான் முன்னால் நிற்பார்கள்.

சேருகிற வாரத்தில் மகளுக்கு இரண்டு பொருள் வாங்கிக் கொடுங்கள். நாள் முழுக்க நின்றாலும் கடிக்காத ஒரு ஜோடி ஷூ. செகண்ட் முள் ஓடுகிற ஒரு கைக்கடிகாரம், ஏனென்றால் பல்ஸ் எண்ணும்போது கையில் மொபைல் எடுக்க நாங்கள் விட மாட்டோம்.

அன்புடன்.