மூன்று முறை தொடங்கி மூன்று முறை நின்றுபோனால்

கல்கியின் சரித்திர நாவலான பொன்னியின் செல்வனின் முதல் பாகத்தை மூன்று முறை எடுத்து, நூறு பக்கத்துக்குள் பெயர்க் குழப்பத்தில் மூடிவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வாசிப்பே நமக்கு வராதோ என்றும் வருந்தியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள் நண்பரே.

அது ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்ட கதை அல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்த தொடர். அன்றைய வாசகருக்குக் கதை நாயகன் வந்தியத்தேவனைப் பற்றி அசைபோட ஒரு வாரம் கிடைத்தது. நீங்களோ இரவு பத்து மணிக்குமேல், தூக்கக் கண்களோடு நாற்பது பக்கம் தாண்டப் பார்க்கிறீர்கள்! ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். காலைக் காப்பியோடு படித்தால் இன்னும் நல்லது.

பெயர்களுக்கு நான் செய்தது இதுதான். ஒரு பழைய தபால் அட்டையின் நடுவில் சுந்தர சோழர் என்று பென்சிலால் எழுதி, கீழே அவர் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று மூன்று கோடு இழுத்தேன். பக்கத்தில் கண்டராதித்தர், செம்பியன் மாதேவி, மதுராந்தகன். ஓரத்தில் பழுவேட்டரையர்கள் இருவர். அதுவே பக்க அடையாள அட்டையும் ஆயிற்று. பாதிப் புத்தகத்துக்குமேல் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

கதையில் வரும் வைணவர் ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவ வாதம் அலுத்தால் வேகமாகக் கடந்துவிடுங்கள். ஆனால் வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்கும் முதல் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். பத்தாவது அத்தியாயம் தாண்டியதும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.