இத்தாலிக்கு 10 நாள் போகிறோம். சாப்பாடும் ஒயினும்தான் நோக்கம், மனைவி சைவம். மிலான், வெனிஸ், புளோரன்ஸ், ரோம், நேபிள்ஸ் என்று போட்டிருக்கிறோம். சரியா?

சரியில்லை. மிலானில் விமானம் இறங்கட்டும், மற்ற நான்கையும் எடுத்துவிடுங்கள். பொலோனியாவில் ஐந்து இரவு, ஆல்பாவில் நான்கு இரவு, இரண்டும் வட இத்தாலிதான். சாப்பாட்டுக்காகவும் ஒயினுக்காகவும் போகிறவர்களுக்கு இரண்டு ஊர் போதும்.

ரோம் பார்க்காமல் இத்தாலியா என்று இதற்குக் கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். ரோம் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நீங்கள் கேட்டது சாப்பாடு, அதற்குப் பதில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் கதைதான் எங்கள் வீட்டிலும், ஆள் மட்டும் மாற்றி. ஒயின் குடிப்பவள் நான். கணவர் முட்டை சாப்பிடுவார், கறி மீன் தொட்டதே இல்லை. 2016-ல் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு 14 நாளில் ஏழு நாடு போனோம். பீசா கோபுரத்துக்கு 40 நிமிடம் கொடுத்தார்கள். தினமும் ராத்திரி ஏதோ ஒரு இந்திய உணவகத்தில் பருப்பும் சப்பாத்தியும். இத்தாலியில் மூன்று நாள் இருந்தும், இத்தாலியர்கள் சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடச் சாப்பிடாமல் திரும்பி வந்தோம். அந்த ஆற்றாமையில்தான் 2023 அக்டோபரில் நாங்களே திட்டம் போட்டுப் போனோம். எட்டு மாதம் படித்தேன். ஆனாலும் ஒரு விஷயம் என் கண்ணில் படவே இல்லை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பொலோனியாவிலிருந்து ரயிலில் மோதெனா அரை மணி நேரம், பார்மா சுமார் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் காலை பார்மிஜானோ சீஸ் செய்யும் பண்ணை ஒன்றுக்கு முன்பதிவு செய்திருந்தேன். காலையிலேயே போய்விட வேண்டும், மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். முந்தைய நாள் மாலையில் கறந்து ஆடை எடுத்த பாலோடு அன்று காலைப் பாலைச் சேர்த்து, கவிழ்த்த மணி போன்ற பெரிய செம்புக் கொப்பரைகளில் காய்ச்சுகிறார்கள். பால் திரிந்து அடியில் திரண்டதும் இரண்டு பேர் துணியை விட்டு அதை ஒரு பெரிய மூட்டையாகத் தூக்கி, இரண்டாக வெட்டுகிறார்கள். சக்கரம் போல வரும் ஒரு சீஸுக்கு 500 லிட்டருக்கு மேல் பால். சுமார் 40 கிலோ எடை. குறைந்தது 12 மாதம் அலமாரியில் இருந்தபிறகு, ஒருவர் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார். எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது.

அப்போது கணவர் என்னிடம், "பாலை எதை ஊத்தி உறைய வைக்கிறாங்க, கேளு" என்றார். கேட்டேன். சுற்றிக் காட்டிய பெண் எதையும் மறைக்காமல் சொன்னாள்: பால்குடி மாறாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. அந்தச் சீஸுக்கு அதுதான் விதி, வேறு எதையும் சேர்க்கக் கூடாது. அவர் கையில் ஒரு துண்டு இருந்தது. தட்டில் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். இரண்டு நாளாக ஒவ்வொரு வேளையும் பாஸ்தா மேல் அதைத் துருவிப் போட்டுத்தான் சாப்பிட்டிருந்தார். "இதைப் போடுங்கள், சைவம்தான்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தவள் நான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி வரை சரியாகப் பேசவும் இல்லை.

சீஸுக்குப் போய் இவ்வளவா என்று கேட்காதீர்கள். அவர் அறுபது வருடம் ஒரு விரதம் போலக் காத்ததை, தெரியாமல் நான் உடைத்துவிட்டேன். நம் ஊர்க் கடைச் சீஸில் பச்சைப் புள்ளி இருக்கும், பெரும்பாலும் விலங்கு உறை இருக்காது. அந்த நினைப்பிலேயே போய்விட்டேன். கிரானா பதானோ, பெகொரீனோ ரொமானோ என்ற சீஸ்கள் இரண்டிலும் விலங்கு உறைதான். மொட்சரெல்லா சீஸ் என்றால், அதைச் செய்கிறவரைப் பொறுத்தது. உங்கள் மனைவிக்கு இது பரவாயில்லை என்றால் நல்லது. ஆனால் முடிவு அவருடையது, போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சீஸ் மட்டும் என்றாலும் சமாளித்துவிடலாம். பியதீனா ரொட்டி மாவில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேரும். மினெஸ்த்ரோனே சூப் காய்கறிதானே என்று நினைத்தால், சில இடங்களில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்கிறார்கள். ஆல்பா பக்கத்தில் பாஞா கவுதா என்று காய்கறியைத் தொட்டுக்கொள்ளும் சூடான குழம்பு, அதில் நெத்திலி. கவலை இல்லாமல் அவர் சாப்பிட்டது மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், சீஸே கிடையாது. அப்புறம் தக்காளி மட்டும் போட்ட பாஸ்தா, சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய்.

மறுநாள் மோதெனாவில் ஒரு வீட்டு மாடிப் பரணில் பால்சாமிகோ என்ற வினிகர் பார்த்தோம். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக நிற்கும் மரப் பீப்பாய்களில் ஊற வைப்பது. 'திரதித்சியொனாலே' என்று எழுதியிருந்தால் குறைந்தது 12 வருடம், 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25. பெண் பிறந்தால் ஒரு பீப்பாய் வரிசையைத் தொடங்கி, கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கம் இருந்ததாம். ஒரு கரண்டியில் நாலு சொட்டு கொடுத்தார்கள். கணவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒயினுக்கு ஆல்பா. பரோலோ, பர்பரெஸ்கோ இரண்டும் பக்கத்து ஊர்கள், அந்தப் பேரிலேயே வரும் ஒயின்கள் இரண்டும் நெப்பியோலோ என்ற ஒரே திராட்சை. பரோலோ குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்பனைக்கு வரும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். நிறம் வெளிறியிருக்கும், ஆனால் நாவல்பழம் தின்ற நாக்கு போலத் துவர்ப்பு இழுக்கும். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், அது சாப்பாட்டோடு சேரும் ஒயின். பர்பரெஸ்கோவில் ஒரு பழைய தேவாலயத்தையே ஒயின் கூடமாக வைத்திருக்கிறார்கள், அங்கே கிளாஸ் கணக்கில் ருசி பார்க்கலாம். பண்ணைகளுக்கு முன்பதிவு வேண்டும். காரை நீங்களே ஓட்டாதீர்கள், ஒரு நாளைக்கு ஓட்டுநரோடு வண்டி எடுங்கள்.

அந்தக் கூடத்தில் கணவர் என்னைக் கிளாஸோடு ஒரு படம் எடுத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அடுத்த நாள் உறவினர் ஒருவர் 78 வயது என் அம்மாவுக்குப் போன் செய்து, பெண்ணை இப்படியா வளர்த்தாய் என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்து நிற்கும் ஆண்களில் அவரும் ஒருவர். அவருடைய அம்மாவுக்கு யாரும் போன் செய்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனால் அம்மா அன்று அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை. குடிக்கச் சொல்லி யாரையும் நான் தூண்டவில்லை. இரண்டு கிளாஸ், சாப்பாட்டோடு, கணவர் பக்கத்தில் இருக்க.

கணவருக்கும் ஆல்பாவில் ஒரு பெரிய விருந்து அமைந்தது. தயாரின் என்று முட்டை மஞ்சள்கரு நிறையப் போட்ட மெல்லிய பாஸ்தா, வெண்ணெய், மேலே வெள்ளை ட்ரஃபிள் சீவல். அது மண்ணுக்கடியில் விளையும் காளான் வகை, நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பது. கிராம் கணக்கில் எடை போட்டுத்தான் சீவுவார்கள், விலையை முதலில் கேட்டுவிடுங்கள். அதற்காகவே அக்டோபர், நவம்பரில் போங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நல்ல குடும்ப உணவகங்கள் பல பூட்டியிருக்கும். மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு மேல் கிடைப்பது கஷ்டம். உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால் ஏறுமுன் நிலையத்து மெஷினில் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம்.

சீஸ் பண்ணையிலிருந்து வந்த அன்று ராத்திரி, தங்கிய வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு ஒரு சீட்டு எழுதினேன். பயணம் முடியும் வரை கணவர் சட்டைப் பையில் அது இருந்தது, ஒவ்வொரு உணவகத்திலும் உட்கார்ந்ததும் எடுத்து நீட்டுவார். உங்கள் மனைவிக்கும் எழுதிக் கொடுங்கள்: 'சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா ஃபொர்மாஜ்ஜோ, சென்சா ஸ்த்ருத்தோ, சென்சா ப்ரோதோ தி கார்னே.' கறி, மீன், சீஸ், பன்றிக் கொழுப்பு, கறி வேகவைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம் என்று அர்த்தம்.