“நல்லா சாப்பிடுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 34 வயது. எப்போதும் களைப்பாக இருக்கிறது என்று சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஹீமோகுளோபின் 9.6 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். “நல்லா சாப்பிடுங்க” என்றார் டாக்டர். என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே உணவியல் நிபுணர் பணியிடம் வெகுநாளாகக் காலியாம். நர்ஸிடம் கேட்டால் போதுமா? மாத்திரை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன், வித்தியாசமே தெரியவில்லை.

பதில்: நர்ஸிடமே கேளுங்கள், தயக்கம் வேண்டாம். சாதாரண ரத்தசோகைக்கு என்ன சாப்பிடலாம், மாத்திரையை எப்படிச் சாப்பிடலாம் என்பதெல்லாம் செவிலியர் படிப்பிலேயே வருகிறது. ஆனால் “என்ன சாப்பிடட்டும்?” என்று தொடங்காதீர்கள். “நான் மாத்திரை சாப்பிடுகிற முறை சரியா?” என்று தொடங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சுகாதார நிலையத்தில் ஊட்டச்சத்துப் பணிகளைப் பார்வையிட உட்கார்ந்திருந்தேன். உங்களைப் போலவே ஒருவர் வந்தார். இரண்டு மாதமாக மாத்திரை, ஹீமோகுளோபின் அசையவே இல்லை. ரத்த அழுத்தம் பார்த்து முடித்த நர்ஸ், கையில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “மாத்திரையை எதோட முழுங்குறீங்க?” “காலையில டீயோடதான், அப்பதான் மறக்காது.” நர்ஸ் மாத்திரை உறையின் பின்பக்கம் ஒரு கோப்பை வரைந்தார், பக்கத்தில் ஒரு மாத்திரை வரைந்தார், இரண்டுக்கும் நடுவே கோடு போட்டு ‘2 மணி நேரம்’ என்று எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அந்த ஒரு நிமிடம் அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அவருக்குக் கிடைக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

தேநீர், காபி இரண்டிலும் உள்ள பாலிபினால் என்னும் பொருட்கள் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. அது ரத்தத்துக்குப் போகாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. பால், கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் அமிலக் குறைப்பு மருந்து ஆகியவையும் தடைதான். ஆகவே இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் இரண்டு மணி நேரமும் இவை எதுவும் வேண்டாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுவது நல்லது. குமட்டினால் கொஞ்சம் உணவோடு சாப்பிடலாம். உறிஞ்சுவது சற்றுக் குறையும், ஆனால் குமட்டலுக்குப் பயந்து மாத்திரையையே நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சீக்கிரம் ஏறட்டும் என்று மாத்திரையை நீங்களாக இரட்டிப்பாக்கவும் வேண்டாம். ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஏறக்குறைய ஒரு நாள் வரை அது குடலின் கதவைப் பாதி சாத்தியே வைத்திருக்கும். அதற்குள் அடுத்த மாத்திரை போனால், உள்ளே சேர்வது கொஞ்சம், வயிற்றைப் புரட்டுவது அதிகம். நாள் விட்டு நாள் சாப்பிடும் முறை சிலருக்கு ஒத்துவருவது இதனால்தான். உங்களுக்கு அது பொருந்துமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

சரி, உணவுக்கு வருவோம். “மாத்திரை எதற்கு, சாப்பாட்டிலேயே சரிசெய்துவிடலாமே” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நடக்காது என்று தெரிந்துவிடும். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார அமைப்பு. 8 முதல் 10.9 வரை நடுத்தரமானது, நீங்கள் அதில் வருகிறீர்கள். 9.6இலிருந்து 12க்குப் போக ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்துக்கும் 2.4 கிராம் ஹீமோகுளோபின் கூட வேண்டும். உடலில் 4 லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 96 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லி கிராம் இரும்பு இருக்கிறது. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ஏறக்குறைய 325 மில்லி கிராம். காலியாகிப் போன சேமிப்பை நிரப்புவது இதற்கு மேல். நல்ல உணவு சாப்பிட்டாலும் ஒரு நாளில் குடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லி கிராம்தான். அதுவும் அன்றன்றைய இழப்புக்கும் மாதவிடாய் இழப்புக்குமே சரியாகப் போய்விடும். இருக்கிற பள்ளத்தை மாத்திரைதான் மூடும். மூடிய பிறகு மறுபடி பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான் உணவுடையது. அது ஆயுள் முழுவதுக்குமான வேலை என்பதால் இப்போதே தொடங்குங்கள்.

உணவில் இரும்பு இரண்டு வகை. இறைச்சி, மீன், கோழி ஆகியவற்றில் உள்ளது எளிதாக உறிஞ்சப்படும். பருப்பு, பயறு, கீரை, தானியம், எள், கொட்டைகளில் உள்ளது துணை இருந்தால்தான் உள்ளே போகும். அந்தத் துணை வைட்டமின் சி. பருப்போ கீரையோ சாப்பிடும் அதே வேளையில் கொய்யாவோ ஆரஞ்சோ குடைமிளகாயோ கொஞ்சம் சேர்ந்தால் போதும், இல்லையென்றால் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துகொள்ளுங்கள். எலுமிச்சையைச் சூடு ஆறிய பின் பிழியுங்கள், கொதிக்கவிட்டால் அதிலுள்ள வைட்டமின் போய்விடும். காலையில் பழம், மதியம் பருப்பு என்று பிரித்தால் பழத்தால் இரும்புக்குப் பயன் இல்லை. பயறுகளை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பைக் கட்டிப்போடும் பைட்டேட் என்ற பொருளைக் குறைக்கும். உணவு முடிந்த கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். என்னைக் கேட்டால், இந்த எல்லாவற்றிலும் செலவில்லாத, பலன் அதிகமுள்ள மாற்றம் இதுதான்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லி கிராமுக்கும் குறைவு, மாதுளையில் அதைவிடக் குறைவு. வேகவைத்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 3 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது. பீட்ரூட்டும் மாதுளையும் நல்ல உணவுதான், சாப்பிடுங்கள். அவற்றை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

இவ்வளவும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியவை. அப்புறம் ஏன் யாரும் சொல்லவில்லை? டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். 67 நாடுகளின் தகவல்களைச் சேர்த்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் சராசரி நேரம் பங்களாதேஷில் 48 வினாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் நாடுகளில் அது 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான். நாடியைப் பார்த்து, அறிக்கையைப் பார்த்து, மருந்து எழுதினால் அந்த நேரம் தீர்ந்துவிடும்.

இதன் வேர் பணியிடங்களைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. ஒரு நிலையத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதைப் பல இடங்களில் மக்கள்தொகையை வைத்தோ படுக்கை எண்ணிக்கையை வைத்தோ மட்டும் முடிவு செய்கிறார்கள். உண்மையான வேலைப்பளுவை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்றை உலக சுகாதார அமைப்பு 1998இலேயே வெளியிட்டது. 2010இல் அதன் கையேட்டைத் திருத்தியும் தந்தது. அதன் அடிப்படை எளிது. ஒரு நர்ஸ் வாரம் 5 நாள் என்று வருடத்துக்கு 260 நாள். விடுமுறை, விடுப்பு, பயிற்சி, உடம்புக்கு முடியாத நாள் என்று 40 கழித்தால் 220. நாளுக்கு 7 மணி நேரம் என்றால் 1,540 மணி நேரம். இனி வேலைகளை எண்ண வேண்டும். நாளுக்கு 20 பேரிடம் ஆளுக்கு 15 நிமிடம் உணவு பற்றிப் பேசினால் 5 மணி நேரம், வருடத்துக்கு 1,100 மணி நேரம். அதாவது உணவு ஆலோசனைக்கு மட்டுமே ஒரு நர்ஸின் வருடத்தில் பத்தில் ஏழு பங்கு போய்விடுகிறது. ஊசி, தடுப்பூசி, கட்டு மாற்றுவது, பிரசவம் இவற்றுக்கு நடுவே ‘போகிற போக்கில்’ செய்துவிடக்கூடிய வேலை இல்லை இது.

ஊசி போட்டால் ரிஜிஸ்டரில் ஏறும். மாத்திரை கொடுத்தால் ஏறும். உணவு பற்றிப் பேசினால் பெரும்பாலும் எங்கேயும் ஏறுவதில்லை. ஏறாத வேலை கணக்கில் வராது, கணக்கில் வராத வேலைக்கு ஆள் போடமாட்டார்கள். காலிப் பணியிடம் வருடக்கணக்கில் காலியாகவே கிடப்பதற்கு நிதி ஒரு காரணம் என்றால், ‘அந்த வேலை நடக்காவிட்டாலும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லையே’ என்பது இன்னொரு காரணம். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நர்ஸ் ஆலோசனை சொன்னால் உங்கள் சீட்டிலும் ரிஜிஸ்டரிலும் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காமல் திரும்பினால், என்ன தேதியில் எதற்காகக் கேட்டீர்கள் என்று பொறுப்பு அதிகாரிக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். ‘ஆள் இல்லை’ என்ற பொதுவான புகாரைவிட, தேதியோடு வரும் பத்துக் கடிதங்களுக்குக் கனம் அதிகம்.

நர்ஸே சொல்லிவிடலாம் என்பதால் உணவியல் நிபுணர் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிர்வாகங்கள் அப்படி எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. சர்க்கரை நோயோடு சிறுநீரகமும் பழுதானவர், எடை ஏறாத குழந்தை, குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர், குழாய் வழியே உணவு எடுப்பவர், கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. அங்கே பொதுவான அறிவுரை கெடுதலே செய்யும். இவர்களை அவசியம் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: டயட்டீஷியன் என்ற பட்டத்தைப் பல நாடுகளில் உரிய படிப்பும் பதிவும் உள்ளவர்தான் போட்டுக்கொள்ள முடியும். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்குப் பல இடங்களில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதல் சந்திப்பிலேயே பவுடர் டப்பாவை நீட்டுகிறவரிடம் பதிவு எண் கேளுங்கள்.

அடுத்த முறை போவதற்கு முன் மூன்று நாள் சாப்பாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். தேநீர், காபி, பால், மாத்திரை எல்லாவற்றுக்கும் நேரம் போடுங்கள். சாப்பிடும் மற்ற மருந்துகளின் பெயர்களையும் எழுதுங்கள். மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை முறை நாப்கின் மாற்றுகிறீர்கள் என்பதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். உங்கள் வயதில் ரத்தசோகைக்கு அதிக உதிரப்போக்கு முக்கியமான காரணம், கேட்காவிட்டால் யாரும் சொல்வதுமில்லை. அந்தத் தாளை நீட்டினால் நர்ஸுக்குப் பத்துக் கேள்வி மிச்சம். கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் எது என்றும் அவரிடமே கேட்டு அந்த நேரத்தில் போங்கள்.

ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஆகவே இப்போதே மறுபடி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். களைப்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம், தூக்கக் குறைவும் தைராய்டும்கூடக் களைப்பைத் தரும். மாத்திரை வேலை செய்தால் நாலு வாரத்தில் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். இதுவரை தேநீரோடு சாப்பிட்டிருந்தால், முறையை மாற்றி இன்னும் நாலு வாரம் கழித்துப் பாருங்கள். முறையாகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் அது வெறும் உணவுப் பிரச்சினை இல்லை. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வைட்டமின் பி12, தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு), குடற்புழு, குடலில் ரத்தக் கசிவு இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, மலம் தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனாலோ டோக்கனுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அளவுகள் மாறும்.

12ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும், டாக்டர் சொல்லும்வரை தொடருங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அதுவரை மாத்திரை அட்டையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை சில மாத்திரைகளை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.