ஐந்தாம் வகுப்புச் சமூகக்கல்வி: “யாருடைய பார்வை?” என்று ரீச்சர் ஏன் கேட்கிறார்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது: கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதம், மகன் ஐந்தாம் வகுப்பு, பாடப்புத்தகம் எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. ஐரோப்பியர் கனடாவுக்கு வந்த வரலாற்றை ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறான். ரீச்சர் ‘லெவல் 2’ போட்டு, ஓரத்தில் “யாருடைய பார்வை?” என்று எழுதியிருக்கிறார். என்னதான் படிப்பிக்கிறார்கள், வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் புத்தகம். நீங்கள் இருக்கும் ஒன்ராறியோவில் பாடத்திட்டத்தை மாகாண அரசு வகுக்கிறது. எந்தப் புத்தகம், படம், கதை கொண்டு அதைப் படிப்பிப்பது என்பதைப் பெரும்பாலும் ரீச்சர்தான் தீர்மானிக்கிறார். ஆகவே அந்தப் பாடத்திட்டத்தையே உங்கள் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு பகுதிகள். ஒன்று, 1713க்கு முன் ஆதிக்குடிகளுக்கும் ஐரோப்பியருக்கும் இருந்த உறவு. மற்றது, அரசாங்கமும் பொறுப்புள்ள குடிமக்களும். 1713 உட்ரெக்ட் உடன்படிக்கை ஆண்டு. ஹட்சன் விரிகுடாவும் நியூஃபவுண்லாந்தும் பிரான்சின் கையை விட்டுப் பிரித்தானியாவுக்குப் போனது அப்போதுதான்.

இனி லெவல். லெவல் 3 என்பது மாகாணம் எதிர்பார்க்கும் தரம். ரிப்போர்ட்டில் ‘பி’, 70 முதல் 79 வரை. லெவல் 2 என்றால் ‘சி’. ஊரில் ஐந்தாம் வகுப்பில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக் கண்ணோடு பார்த்தால் 75 நெஞ்சைப் பதறவைக்கும். இங்கே அது நல்ல புள்ளி. புள்ளி நான்கு வகையில் பிரிகிறது: அறிந்தது, சிந்தித்தது, எடுத்துச் சொன்னது, வேறோரிடத்தில் பொருத்திப் பார்த்தது. பிழையில்லாமல் எழுதிய தகவல் முதல் வகைக்கு மட்டுந்தான் உதவும். உங்கள் மகன் விட்டது இரண்டாவதில்.

ஒரு பொருளை வைத்துக் காட்டுகிறேன். பீவர் தோல். பீவர் என்பது ஆற்றில் அணை கட்டி வாழும் மயிரடர்ந்த விலங்கு. லெவல் 2 பதில் இப்படி இருக்கும்: “ஐரோப்பியர் கத்தி, செப்புக் கேத்தல், துணி கொடுத்துப் பீவர் தோல் வாங்கினார்கள். இரு பகுதிக்கும் நன்மை.” இதில் பொய்யில்லை. ஆனால் யார் நின்று பார்க்கிறார் என்று தெரியவில்லை.

அதே தோலைக் கிட்ட வைத்துப் பாருங்கள். பீவரின் உடலில் நீண்ட முரட்டு மயிரும், அதற்கு அடியில் மென்மயிரும் இருக்கும். ஐரோப்பியத் தொப்பி செய்கிறவருக்கு வேண்டியது அடிமயிர் மட்டும். ஆதிக்குடிகள் பல தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உட்புறமாக மாதக்கணக்கில் உடுத்துவார்கள். உரசி உரசி முரட்டு மயிர் உதிரும். உடலின் எண்ணெய்ப்பசையில் தோல் பதமாகும். அந்தப் பழைய அங்கிக்குத்தான் வியாபாரி கூட விலை கொடுத்தார். உடுத்தித் தேய்ந்த உடுப்பைக் கொடுத்துவிட்டுப் புதுக் கத்தியோடு போகிறவர் இந்த வியாபாரத்தை எப்படிப் பார்த்திருப்பார்? 1634இல் ஏசுசபைப் பாதிரியார் போல் லெ ஜூன் எழுதிய அறிக்கையில் விடை இருக்கிறது: ஒரு தோலுக்கு இருபது கத்தி தருகிறார்களே, ஆங்கிலேயருக்குப் புத்தியில்லை என்று இன்னு என்ற ஆதிக்குடி இனத்தவர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னாராம்.

“ஐரோப்பியருக்கு அது அரிய பொருள், இன்னு மனிதருக்குத் தேய்ந்த உடுப்பு, இரண்டு பேரும் தாங்கள் வென்றதாகவே நினைத்தார்கள், ஏனென்றால்…” என்று ஆதாரத்தோடு எழுதினால் அது லெவல் 3. அதற்கு மேல், “இந்தப் பேச்சை எழுதிவைத்தவர் ஒரு பாதிரியார், இன்னு மனிதர் தன் கையால் எழுதவில்லை. ஆகவே முழுதாக நம்பலாமா?” என்று ஒரு வசனம் சேர்த்தால் லெவல் 4 பக்கம் போகும். எழுத்தின் நீளம் கூடவேண்டியதில்லை.

பிள்ளைகள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ‘பார்வை’ என்றதும் தங்கள் அபிப்பிராயத்தை எழுதுவது ஒன்று. “இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன்” என்பது பிள்ளையின் கருத்து. அந்தக் காலத்து மனிதர் நின்ற இடம், அவருடைய தேவை, நம்பிக்கை, இவற்றிலிருந்து அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதுதான் பார்வை. மற்றது, எல்லா ஆதிக்குடிகளையும் ஒரே ஆளாக்கிவிடுவது. வென்டாட் என்ற ஆதிக்குடி மக்கள் சோளம் பயிரிட்டு, வடக்கே வேட்டையாடுகிறவர்களுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையில் நின்று வியாபாரம் செய்தவர்கள். ஹோடனோஷோனி என்ற ஆதிக்குடிக் கூட்டணி அவர்களுக்கு எதிரணி. 1630களில் நோய்கள் பரவி வென்டாட் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். வியாபாரியும் பாதிரியாரும் ஒரே கப்பலில் வந்தாலும் தேடி வந்தது வேறு வேறு. “வென்டாட் தாய் ஒருத்திக்கு 1639இல் இது எப்படித் தெரிந்திருக்கும்?” என்று ஆளையும் ஆண்டையும் குறுக்கினால் பதில் தானாகக் கூர்மையாகும்.

வீட்டில் செய்யவேண்டியது: கிழமைக்கு இரண்டு தரம், 15 நிமிடம், தமிழில். வகுப்பில் காட்டிய ஒரு படத்தையோ பந்தியையோ எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொல்வது யார்? இதில் பேசாமல் நிற்பது யார்? இது எங்களுக்கு எப்படித் தெரியும்? பதிலைத் தமிழில் இரண்டு நிரலில் குறித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். தமிழில் திட்டமிடுவதைப் பல ரீச்சர்மார் விரும்பி வரவேற்பார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவனுக்கு உடனே தேவைப்படுவது ‘பிகாஸ்’, ‘ஹவெவர்’, ‘திஸ் ஷோஸ் தட்’ என்ற மூன்று இணைப்புகளும்தான். இணையத்தில் இருந்து அப்படியே எடுத்து ஒட்ட விடாதீர்கள். வசனம் அவனுடையதில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். நாங்கள் ஊரில் படித்த ‘செவ்விந்தியர்’ என்ற சொல்லை அடியோடு விட்டுவிடுங்கள். 1982 அரசியலமைப்பின்படி ஆதிக்குடிகள் மூன்று வகை. இன்று வழங்கும் பெயர்கள்: ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மேட்டி. மக்களின் பெயர் தெரிந்தால் அந்தப் பெயரையே எழுதச் சொல்லுங்கள். “வாழ்ந்தார்கள்” என்று எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் முடிப்பதும் தவறு, அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இறகுத் தலையணி செய்து ஒப்படையோடு ஒட்டுவது வேண்டாம், அது மரியாதைக்குரிய சடங்குப் பொருள்.

செப்டம்பர் 30இல் பிள்ளைகள் ஆரஞ்சு நிற ரீசேர்ட் போட்டுப் போவார்கள். குடும்பங்களில் இருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளை நினைக்கும் நாள் அது. உங்கள் பிள்ளை போரையோ பிரிவையோ கண்டு வந்தவன் என்றால் அந்தக் கிழமைக்கு முன்பே ரீச்சருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். வகுப்பில் சொல்லும் கதை அவனுக்கு எங்கே போய்த் தொடும் என்று அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இயற்கைப் பாடமும் இதோடு பின்னிக்கிடக்கிறது. வென்டாட், ஹோடனோஷோனி மக்கள் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டார்கள். சோளத்தண்டு அவரைக்குக் கொழுகொம்பு, அவரையின் வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், பூசணி இலை நிலத்தை மூடிக் களையையும் வெயிலையும் தடுக்கும். வளவு இருந்தால் மே மாதக் கடைசியில், உறைபனி போனபின் செய்து பார்க்கலாம். சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் அவரை ஊன்றவேண்டும். சேர்த்து ஊன்றினால் கொடி சோளத்தைச் சாய்த்துவிடும். சோளத்தை ஒரே வரிசையில் நட்டால் மகரந்தம் காற்றோடு போய்க் கதிரில் மணி பிடிக்காது, கட்டமாக நடுங்கள். ஆடி, ஆவணியில் ஓர் அவரைச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. நெல் அறுத்த வயலில் பயறு போடுவது ஏன் என்று அப்போது கேளுங்கள். அந்த விடையை ஒப்படையில் எழுதினால் ‘பொருத்திப் பார்த்தல்’ என்ற நான்காவது வகைக்குப் போகும்.

பள்ளியில் இருந்து ரூஜ் தேசிய நகரப் பூங்கா போன்ற இடத்துக்குக் கூட்டிப் போனால் அனுமதிப் படிவத்தைத் தவணைக்கு முன் கொடுங்கள். நீளக் காற்சட்டை, காலுறை கட்டாயம். அங்கே உண்ணி உண்டு. வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர் அடி மூன்றையும் பாருங்கள். காசு கட்ட வசதியில்லை என்றால் பிள்ளையை மறிக்காமல் பள்ளி அலுவலகத்தில் சொல்லுங்கள்.

அடுத்த பெற்றோர் சந்திப்புக்கு அந்த லெவல் 2 தாளைக் கொண்டுபோங்கள். நேரம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். “இந்தப் பக்கத்தில் எந்த ஒரு வசனம் மாறினால் லெவல் 3?” என்று மட்டும் கேளுங்கள். திருத்தி எழுத இடமுண்டா என்றும், ரிப்போர்ட்டில் ஆங்கிலம் கற்கும் மாணவருக்கான பெட்டியில் அடையாளம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் புள்ளி அவனுக்கென்று மாற்றிய எதிர்பார்ப்பின்படி போட்டது, மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் ஒரு கிழமைக்கு முன் சொல்லி வையுங்கள்.