த்ரீடி பை சார்ட் கேட்கிறார்கள், செய்யலாமா?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், லோகோ டிசைன் செய்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் 12 மாவட்டங்களின் மாணவர் சேர்க்கை எண்களைத் தந்து, ஆண்டறிக்கைக்கு ‘த்ரீடி பை சார்ட்’ கேட்கிறது. எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. இந்த வேலையை எடுக்கலாமா? – வாசகி, விழுப்புரம்

தாராளமாக எடுங்கள். சதவீதம் போடத் தெரிந்தால் போதும். த்ரீடி பை (வட்டத்தைத் துண்டு போட்டுத் தடிமன் கொடுத்து, சாய்த்து வரைவது) மட்டும் வேண்டாம். வட்டத்தைச் சாய்த்ததுமே முன்னால் உள்ள துண்டு தன் விளிம்பின் தடிமனையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகத் தெரியும், பின்னால் உள்ளது நசுங்கிவிடும். சாய்க்காவிட்டாலும் 12 துண்டு, 12 நிறம் என்றால் எது எந்த மாவட்டம் என்று யாருக்கும் புரியாது.

படுக்கைவாட்டில் பார் சார்ட் (பட்டைப் படம்) போடுங்கள். ‘கள்ளக்குறிச்சி’, ‘திருவண்ணாமலை’ எல்லாம் நிற்கிற பட்டைக்குக் கீழே அடங்காது. சாய்த்து எழுதினால் கழுத்து வலிக்கும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பட்டை, அதன் நுனியிலேயே எண். அகர வரிசை வேண்டாம், பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்குங்கள். எல்லாப் பட்டையும் சாம்பல், சொல்ல வந்த மாவட்டம் மட்டும் அடர்நீலம். சிவப்பு, பச்சை சேர்க்கை வேண்டாம். அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடலாம்.

பட்டை எப்போதும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு தமிழ்நாட்டில் சுமார் 80 சதவீதம், கேரளத்தில் 94. (2021-ல் எடுத்திருக்க வேண்டியதை உரிய காலத்தில் எடுக்காததால் இன்னும் அந்தப் பழைய எண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறோம்.) அளவுகோலை 70-ல் தொடங்கிப் பாருங்கள்: நம் பட்டை 10 அளவு, அவர்களுடையது 24. ஏதோ நாம் பாதிகூடப் படிக்காதவர்கள் மாதிரி இருக்கும்.

கோட்டுப் படத்துக்கு இந்த விதி கிடையாது. ஏன் என்று கேட்பீர்கள். பட்டையில் கண் நீளத்தை அளக்கிறது, கோட்டில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. காய்ச்சல்காரரின் உடல் வெப்பம் 98.6-லிருந்து 103-க்குப் போனதைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கும். அதை 95-ல் தொடங்குவது ஏமாற்று அல்ல, அப்போதுதான் காய்ச்சலே தெரியும். ஆனால் கோட்டின் கீழ்ப்பகுதிக்கு நிறம் அடித்தீர்களோ, கண் மறுபடி பரப்பை அளக்கும். அப்போது பூஜ்யம் கட்டாயம்.

அப்புறம், ‘ஆயிரக்கணக்கான இன்ஃபோகிராஃபிக் டெம்ப்ளேட்’ (எண்களைப் படமாகக் காட்டும் தயார் வடிவங்கள்) என்று மலிவாக விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பட்டை வெறும் செவ்வகம், எண்ணோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. கண்ணளவில் இழுத்துவிட வேண்டியதுதான். எண்ணைக் காட்ட மனித உருவம் போடுவது இன்னும் மோசம்: எண் இரட்டிப்பாகிவிட்டதென்று உருவத்தின் மூலையைப் பிடித்து இரு மடங்கு இழுத்தால் பரப்பு நான்கு மடங்காகும். எக்செலில் சார்ட் போட்டு, அதைக் கோரல்டிராவில் ஒட்டி, பிறகு எழுத்துரு, நிறம் மாற்றுங்கள்.

இடையில் கமிஷனுக்கு வேலை பிடித்துத் தருகிறவர், “கொஞ்சம் ஏத்தமா காட்டுங்க மேடம்” என்பார். மறுத்துவிடுங்கள். நிறுவனத்திடமே பேசி எண்களை எக்செல் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை அனுப்பிவிட்டுக் கைகழுவுவதுதான் அலுவலகங்களின் வழக்கம். அதில் 3-ம் 8-ம் ஒன்று போலிருக்கும். அப்படித்தான் தருவோம் என்றால் தட்டச்சுக்குத் தனிக் கட்டணம் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு எண்ணையும் அவர்களே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.