ராமானுஜன் வீட்டில் அம்மா கேட்டது

"சரித்திரப் பிரபலங்களின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத மனிதக் கதை எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சுப் போட்டிக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கணித மேதை ராமானுஜன், தன்னைப் பார்க்க வந்த ஹார்டியின் டாக்ஸி எண் 1729இன் விசேஷத்தைச் சொன்ன கதையை விட்டுவிடுங்கள், அதை எல்லாரும் சொல்வார்கள். அவர் மனைவி ஜானகி அம்மாளைப் பற்றிப் பேசுங்கள்.

எனக்குக் கும்பகோணம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டைத் தாண்டித்தான் பல வருஷம் சைக்கிளில் போய்வந்தேன், உள்ளே நுழைந்ததில்லை. போன வருஷம் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களை அழைத்துப் போனபோது அம்மாவும் கூட இருந்தாள். ஜன்னலோரக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கட்டிக்கிட்ட பொண்ணு அப்புறம் என்னடா ஆச்சு?" என்றாள். நான் கணக்கில் எம்.எஸ்சி., விழித்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1909இல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. 1914இல் கணவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் ஜானகி கைக்கு வராமல் மாமியார் பிடித்து வைத்துக்கொண்டார். 1919இல் நோயாளியாகத் திரும்பியவர் 1920 ஏப்ரலில் போயே விட்டார். ஜானகி பம்பாயில் தையல் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, ஒரு பையனையும் எடுத்து வளர்த்தார். 1994 வரை இருந்தார். கணவர் போனபிறகு 74 வருஷம்!

மாமியார் கோமளத்தம்மாளைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். புடவைக் கடைக் குமாஸ்தாவான கணவரின் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, கோயிலில் பாடிக் கொஞ்சம் சம்பாதித்து ராமானுஜனை ஆளாக்கியது அந்த அம்மாள்தான், எனக்கும் தெரியும்.

அப்பா போனபிறகு எங்கள் அம்மாவும் ரவிக்கை தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். தீபாவளி சமயத்தில் விடிய விடிய மிஷின் ஓடும், அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குவேன். அதனாலோ என்னவோ, அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வயதான காலத்தில் ஜானகி அம்மாள், "அவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே?" என்று கேட்டதும், வெளிநாட்டுக் கணிதக்காரர்கள் காசு சேர்த்து மார்பளவுச் சிலை செய்து கொடுத்ததும் அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை.

"பென்ஷன் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"ஆரம்பத்தில் மாசம் 20 ரூபாய்."

"நூல்கண்டு வாங்கவே சரியாப் போயிருக்கும்" என்று எழுந்து போய்விட்டாள்.